மெருகும் நாதமும்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு இந்த வாரத்துப் பக்கத்தைத் தொடங்குகிறோம். குற்றம் நம்முடையது, தண்டனையை அனுபவித்தது ஒரு பிடில்.

நம் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய தகப்பனார் கச்சேரி மேடையில் பெயர் வாங்கியவரல்லர். ஆனால் மாலையில் ஆபீசிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டு, கூடத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் பிடில் வாசிக்காமல் சாப்பிட உட்கார்ந்தவரும் அல்லர். அவர் காலமாகி ஒன்பது வருஷங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து பிடில் பீரோவின் மேல் உறங்கிற்று. இவ்வருஷம் விஜயதசமியன்று தம் பெண்ணுக்குப் பாடம் தொடங்குவதென்று நண்பர் தீர்மானித்துப் பெட்டியைத் திறந்தார். மெருகெல்லாம் மங்கியிருந்தது. ஓரங்களில் மரம் வெளியே தெரிந்தது. மார்போடு அணைத்து வாசிக்கும் இடத்தில் வியர்வையும் சந்தனமும் தின்று, உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சே இல்லாமற் போயிருந்தது. அச்சமயம் அவர் வீட்டு வாசற்கதவுக்குப் பாலிஷ் போட ஒருவர் வந்திருந்தார். "இதையும் அவரிடம் கொடுக்கலாமா, ஸார்? மரத்துக்கு நல்லதுதானே?" என்று நண்பர் நம்மைக் கேட்டார். பள்ளியில் பௌதிகம் போதிக்கிறவர் என்ற மரியாதையினால் கேட்ட கேள்வி. பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நாம், தலையை நிமிர்த்தாமலே, "மரத்துக்கு மெருகு நல்லதுதான்; ஈரமும் பூச்சியும் அண்டாது" என்று சொல்லிவிட்டோம்.

மூன்று நாள் கழித்துப் பிடில் கண்ணாடி போலப் பளபளத்தது. அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். பாலிஷ்காரர் மனிதர் நல்லவர். தமக்குத் தெரிந்த வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தார். பழைய பூச்சை உப்புத்தாளால் அடியோடு தேய்த்தெடுத்து, கதவுக்குப் போட்ட அதே செயற்கைப் பாலிஷை நான்கு முறை பூசியிருந்தார். பெண்ணுக்குப் பாடம் சொல்ல வந்த வித்வான் சுருதி சேர்த்து வில்லை இழுத்தார். குதிரையைச் சற்று நகர்த்திப் பார்த்தார். தந்திகளை மாற்றிப் பார்த்தார். பிறகு பிடிலை மடியில் கிடத்திக்கொண்டு, "இதற்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது" என்றார்.

நண்பர் நம்மைக் குறை கூறவில்லை. "அப்பாவுடைய குரல் போய்விட்டது, ஸார்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் நம்மைச் சில வாரங்கள் புத்தகங்களோடு உட்கார வைத்தது. கேள்வி கேட்டபோதே இதைச் செய்திருக்க வேண்டும்.

பிடிலின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் மரம். குளிர் நாட்டு மலைகளில் மெல்ல வளர்வது. அடிப்பலகையும் பக்கங்களும் மேப்பிள். தந்திக்குத் தானாகக் குரல் கிடையாது. ஒரு தந்தியைச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கிடையே கட்டி வில்லால் இழுத்தால் கொசுவின் ரீங்காரந்தான் கேட்கும். தந்தியின் நடுக்கத்தைக் குதிரை மேற்பலகைக்குக் கடத்துகிறது. பலகை நடுங்கிக் காற்றை அசைக்கிறது. ஆகவே நாம் கேட்பது பெரும்பாலும் மரத்தின் குரல். அந்தப் பலகை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனந்தான் இருக்கும்.

ஸ்ப்ரூஸ் மரத்தின் குணத்தை விளங்கிக்கொள்ள நம் வீட்டுக் கோரைப்பாய் ஒன்று போதும். பாயை ஒரு வாக்கில் சுருட்டினால் சுருண்டு வரும். மற்றொரு வாக்கில் மடக்கப் பார்த்தால் கோரை முறியுமே தவிர மடங்காது. ஸ்ப்ரூஸும் அப்படித்தான். நாரின் நெடுக்கில் அது மிக விறைப்பானது; ஒலி அந்தத் திசையில் வினாடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் பாயும். உருக்குக் கம்பியில் ஒலி ஓடும் வேகமும் ஏறக்குறைய அதுவே. அதே மரத்தில் நாருக்குக் குறுக்கே விறைப்பு பத்தில் ஒரு பங்கு, பதினைந்தில் ஒரு பங்கு என்று இறங்கிவிடும். இலேசான மரம், ஒரு திசையில் உருக்கின் வேகம், மற்றத் திசையில் இணக்கம். இந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் பிடில் செய்கிறவர் பலகையைச் செதுக்கி அதன் குரலை அமைக்கிறார்.

இப்போது அந்தப் பாயின் மேல் பசையைத் தடவிக் காய விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோரையின் நெடுக்கில் பெரிய மாறுதல் இராது. அது முன்பே விறைப்பானது. ஆனால் சுருட்டும் வாக்கில் பாய் முன்போல் இணங்காது; பசை கோரைகளை ஒன்றோடொன்று கட்டிவிட்டது. வார்னிஷ் பிடிலுக்குச் செய்வது இதுதான். வார்னிஷ் படலத்துக்கு நெடுக்கு குறுக்கு என்ற பேதம் இல்லை. எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு.

கணக்குப் பிடித்தவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. பிடிக்காதவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். பலகையின் கனம் 2.7 மில்லிமீட்டர் என்றும், மேலே பூசிய வார்னிஷின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். வார்னிஷின் விறைப்பு மரத்தின் நெடுக்கு விறைப்பில் ஆறில் ஒரு பங்கு, மரத்தின் குறுக்கு விறைப்போ நெடுக்கில் பதினைந்தில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். வளைவுக்கு எதிர்த்து நிற்பதில் வெளிப்புறத்துப் படலத்துக்கு அதன் கனத்தை மீறிய செல்வாக்கு உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் நெடுக்கில் விறைப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான் கூடுகிறது. குறுக்கிலோ நூற்றுக்கு இருபத்தேழு பங்குக்கு மேல். முடிக் கனமுள்ள ஒரு பூச்சு, தச்சன் கணக்கிட்டு வைத்த விகிதத்தைத் திருத்தி எழுதிவிடுகிறது. கதவுப் பாலிஷைப் போல மூன்று மடங்கு தடிப்பாகப் பூசினால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

விறைப்பு ஒரு பக்கம். உள் உராய்வு என்று மற்றொன்று உண்டு. சந்தையில் பானை வாங்குகிறவர்கள் அதைச் சுண்டிப் பார்த்து வாங்குவார்கள். நல்ல பானை 'கிண்' என்று கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும்; அதன் மேல் ஈரத் துணியைச் சுற்றிவிட்டுச் சுண்டினால் 'தப்' என்று அடங்கிவிடும். நடுக்கத்தின் சக்தி துணியின் இழைகளுக்குள் உராய்ந்து வெப்பமாகிப் போகிறது. வார்னிஷும் ஓரளவுக்கு அந்த ஈரத்துணியே. மேல் ஸ்தாயியில் எழும் கூரிய ஒலிகள் அதிகமாக அடங்கும். கீழே உள்ளவை அவ்வளவாக அடங்கா. அமெரிக்காவில் ஜான் ஷெல்லெங் என்ற பொறியியலாளர் இவ்விஷயத்தை அளந்து பார்த்து 1968-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அண்மைக் காலத்தில் ஸ்விட்சர்லாந்தின் எம்பா ஆராய்ச்சிக் கூடத்தார் வார்னிஷ் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதையும் சேர்த்து ஆராய்ந்திருக்கின்றனர். மரத்தின் மேலே நிற்கும் பூச்சை விட, மரத்தின் நுண்குழாய்களுக்குள் ஊறிப்போன பூச்சுதான் நாதத்தை அதிகமாக உண்ணும்.

அப்படியானால் பிடிலுக்கு வார்னிஷே வேண்டாமே என்று கேட்கத் தோன்றும். நமக்கும் தோன்றிற்று. பூச்சற்ற வெண் பிடிலை வாசித்துப் பார்த்தவர்கள் அதன் குரல் உரக்க இருக்கும், ஆனால் கூச்சலாகவும் இருக்கும் என்கிறார்கள். அந்தக் கூச்சலின் முனையை மழுக்கி மென்மையைத் தருவது வார்னிஷ். மேலும் கையின் வியர்வை, வில்லிலிருந்து உதிரும் ரோஸின் தூள், தூசு எல்லாம் வெறும் மரத்தில் ஊறிச் சில வருஷங்களில் அதைப் பாழாக்கிவிடும். ஈரத்தைப் பற்றி நாம் நண்பரிடம் சொன்னதில் பாதிதான் உண்மை. வார்னிஷ் ஈரத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. பிடிலின் உட்புறத்தில் பூச்சே கிடையாது; காற்றிலுள்ள ஈரம் துளைகளின் வழியே தாராளமாகப் போய்வரும். ஐப்பசி அடைமழையில் பிரடைகள் இறுகிக்கொண்டு திருக வராமல் வித்வான்கள் படும் பாடு நாம் அறிந்ததே. பளபளப்புப் பூச்சு அதற்கு மருந்தன்று.

ஆகவே நல்ல வார்னிஷின் இலக்கணம் எளிதில் சொல்லிவிடக் கூடியது: மெல்லியதாக இருக்க வேண்டும், மரத்துக்குள் ஆழ இறங்காமல் மேலே நிற்க வேண்டும், கண்ணாடியைப் போல் விறைத்துவிடாமலும் மெழுகைப் போல் இளகிவிடாமலும் நடுத்தரத்தில் உலர வேண்டும். இதைச் செய்துகாட்டியவர்கள் என்று உலகம் கொண்டாடுவது வடக்கு இத்தாலியில் க்ரெமோனா என்னும் ஊரின் கைவினைஞர்களை. 16-ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா அமாத்தி அங்கே இத்தொழிலை நிலைநாட்டினார். அவர் பரம்பரைக்குப் பின் வந்த அந்தோனியோ ஸ்திராதிவாரி 1737-ல் காலமாகும் வரை உளியைக் கீழே வைக்கவில்லை. குவார்னேரி குடும்பத்தில் 'தெல் ஜெஸு' என்று பெயர் பெற்றவர் 1744-ல் மறைந்தார். அவர்களோடு அந்தச் சிவந்த பொன்னிறப் பூச்சும் மறைந்துபோயிற்று என்பது ஐதிகம்.

மறைந்த பொருளைப் பற்றி மனிதர்கள் கதை கட்டாமல் இருப்பார்களா? ஸ்திராதிவாரியின் வம்சத்தார் ஒருவர், தம் குடும்பத்து வேதப் புத்தகத்தின் அட்டையில் 1704-ஆம் வருஷத் தேதியிட்ட வார்னிஷ் செய்முறை எழுதியிருந்ததென்றும், அதைத் தாம் பிரதி செய்து வைத்துக்கொண்டதாகவும் சொல்லி, யாருக்கும் காட்டாமலே போய்விட்டாராம். நம் நாட்டு வைத்தியர்களின் ஓலைச்சுவடிக் கதைகளை நினைத்துக்கொண்டோம். சார்லஸ் ரீட் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1872-ல் ஒரு லண்டன் பத்திரிகைக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதி, க்ரெமோனா மெருகு ஒரே பூச்சன்று, அடியில் ஒன்றும் மேலே வேறொன்றுமாக இரண்டு பூச்சு என்று வாதாடினார். நாவலாசிரியருடைய ஊகம் என்று பலர் சிரித்திருக்கலாம்.

இரண்டு பூச்சு என்ற அளவில் அவர் ஊகம் தப்பவில்லை. பாரிஸ் நகரத்துச் சங்கீதக் காட்சிச் சாலையில் உள்ள ஐந்து ஸ்திராதிவாரி வாத்தியங்களிலிருந்து கடுகினும் சிறிய துணுக்குகளை எடுத்து, ழான் பிலிப் எஷார் முதலிய ரஸாயன ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2009-ஆம் வருஷக் கடைசியில் முடிவை வெளியிட்டனர். அடியில் சித்திரக்காரர்கள் உபயோகித்ததைப் போன்ற உலரும் எண்ணெய் மட்டும். அதன் மேல் எண்ணெயும் பைன் வகை மரத்தின் பிசினும் கலந்த பூச்சு. சில வாத்தியங்களில் சிவப்புக்காக இரும்புக் காவி, சாதிலிங்கம், இந்திரகோப வகைப் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். அவ்வளவுதான். அம்பரும் இல்லை, மந்திரமும் இல்லை. அந்தக் காலத்து இத்தாலியில் எந்த மருந்துக் கடையிலும் கிடைத்த சரக்குகள்.

விஷயம் அதோடு தீர்ந்துவிடவில்லை. 2022-ல் இத்தாலியிலேயே வேறு ஆராய்ச்சியாளர்கள், ஸ்திராதிவாரியின் 1690, 1718-ஆம் வருஷத்து இரண்டு பிடில்களில் மரத்துக்கும் வார்னிஷுக்கும் நடுவே புரதப் பொருள் கலந்த மிக மெல்லிய படலம் ஒன்றைக் கண்டனர். புரதம் என்றால் பசையோ, முட்டையோ, பாலின் திரளோ, அப்படி ஏதோ ஒன்று. டெக்ஸாஸில் இருந்த ஹங்கேரிக்காரரான ஜோஸப் நாகிவாரி, ரகசியம் பூச்சில் இல்லை, பூசுமுன் மரத்தையே ரஸாயனச் சரக்குகளில் பதப்படுத்தியதில் இருக்கிறது என்று நெடுங்காலமாக வாதித்தவர். தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் 2016-ல் ஸ்திராதிவாரியின் மேப்பிள் மரத்தில் தாது உப்புகளைக் கண்டு அவர் கட்சிக்கு வலுவூட்டினர். எண்ணெயா, புரதமா, உப்பா என்பதில் அவர்கள் வேறுபட்டாலும், எல்லோரும் தேடுவது அடிப்பூச்சைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நிறம் மேலே இருக்கிறது. வேலை அடியில் நடக்கிறது. மேல் வார்னிஷை மரத்துக்குள் ஊறவிடாமல் நிறுத்துவது அந்த அடிப்பூச்சு.

பின் ஏன் அக்கலை மங்கிற்று? பொறுமை போனதுதான் காரணம் என்பது நமது அபிப்பிராயம். ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிப் பிசினைக் கரைத்துப் பூசும் வார்னிஷ் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவைக் குடித்து, எடையில் கூடி, மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு உலர்கிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் நாட்கள். முழுவதும் இறுக மாதங்கள். வெயிலில் தொங்கவிட வேண்டும். 1708-ல் ஸ்திராதிவாரி ஒரு வாடிக்கைக்காரருக்கு எழுதிய கடிதத்தில், வார்னிஷ் வேலையினால் பிடில் தாமதப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறார். சாராயத்தில் பிசினைக் கரைத்துச் செய்யும் வார்னிஷோ சில நிமிஷங்களில் உலரும். வாடிக்கைக்காரர்கள் பெருகி, விலை இறங்கி, அவசரம் வந்தபோது சாராய வார்னிஷ் வென்றது.

அந்தச் சாராய வார்னிஷின் உயிர் நம் தேசத்துச் சரக்கு. பாண்டவர்களைச் சுட நினைத்த துரியோதனன் அரக்கு மாளிகை கட்டினான் அல்லவா? அதே அரக்குதான். புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு அது. கிளையிலிருந்து சுரண்டியெடுத்துச் சுத்தம் செய்து, உருக்கி, அவலைப் போல மெல்லிய செதில்களாக்கினால் அவலரக்கு. அதையே மேல் நாட்டார் ஷெல்லாக் என்கின்றனர். சோட்டா நாகபுரிக் காடுகளே அதன் தாய் வீடு. ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்ற இடத்தில் இதற்கென்றே 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நம் காட்டுக் குடிகள் சுரண்டிக் கொடுத்த அரக்கு கப்பலேறிப் போய், ஐரோப்பாவின் பிடில்களிலும் கிதார்களிலும் பியானோக்களிலும் மெருகாகி, நம்மவர் வீட்டுக்குப் பத்து மடங்கு விலையில் திரும்பிற்று. வினைல் தட்டுகள் வருமுன் நம் தாத்தாக்கள் கேட்ட கிராமபோன் இசைத்தட்டுகளும் அரக்கினால் வார்த்தவையே. பழைய வித்வான்களின் பாட்டைச் சுமந்ததும் அரக்கு, அவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்த பிடிலின் மேல் இருந்ததும் அரக்கு.

அரக்குப் பூச்சுக்கு ஒரு பெருங்குணம் உண்டு. எத்தனை வருஷம் கழித்தும் சாராயம் பட்டால் கரைந்துவிடும். ஆகையால் பழுது பார்ப்பது சுலபம். மிக மெல்லியதாகவும் தடவலாம். துணியை உருட்டி அதில் தோய்த்து நூறு தரம் தேய்த்து ஏற்றுகிறார்கள். ஸ்பெயின் தேசத்து முறையில் கிதார் செய்கிற சிறந்த கைவினைஞர்கள் இன்றும் மேற்பலகைக்கு அதையே விரும்புகின்றனர். தொழிற்சாலையில் பீச்சும் செயற்கைப் பூச்சுகள் உறுதியிலும் வேகத்திலும் அரக்கை வென்றுவிடும். ஆனால் ஒருமுறை இறுகினால் சாராயத்துக்கு மசியமாட்டா. கதவுக்கு அது நல்ல குணம். மழையும் வெயிலும் தாங்க வேண்டிய பொருளுக்கு, யாரும் காது கொடுத்துக் கேட்காத பொருளுக்கு, அதைவிடச் சிறந்த பூச்சு வேறில்லை.

வீணை, மிருதங்கம் என்ன ஆகும் என்று ஒரு மாணவன் கேட்டான். மிருதங்கத்தின் நாதம் தோலிலும் கரணையிலும் பிறக்கிறது. பருமனான பலாமரக் கட்டையின் வெளியே எதைப் பூசினாலும் அவ்வளவு பாதகமில்லை. வீணையின் மேற்பலகை அப்படியன்று. மெட்டுகளைத் தாங்கும் மெழுகைப் போலவே அதன் மேல் ஏறும் ஒவ்வொரு பொருளும் எடைதான். எனினும் அதன் பலகை பிடிலைவிடக் கனமானதாகையால் பூச்சின் அதிகாரம் குறைவு. வாத்தியம் எவ்வளவு இலேசோ அவ்வளவுக்கு மெருகுக்கு அஞ்ச வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, எதிர்க் கட்சியையும் சொல்லாவிட்டால் நாம் வகுப்பில் போதிக்கும் நேர்மைக்கு இழுக்கு. வார்னிஷின் மகிமையைப் பேசுகிறவர்களில் பலர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் கேட்கிறார்கள். 2010-ல் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. ஸ்திராதிவாரியின் பிடில்கள் இரண்டு, குவார்னேரியின் பிடில் ஒன்று, புதுப் பிடில்கள் மூன்று ஆகியவற்றை வைத்துக்கொண்டு, 21 வித்வான்களுக்கு இருண்ட கண்ணாடி அணிவித்து மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கச் செய்தனர். அதிகம் பேர் விரும்பியது ஒரு புதுப் பிடிலை. கடைசி இடம் பெற்றது ஒரு ஸ்திராதிவாரி. பாரிஸிலும் நியூயார்க்கிலும் பிறகு நடந்த சோதனைகளும் பழமையின் கட்சிக்கு உதவவில்லை. ஆக்ஸ்போர்டில் அஷ்மோலியன் காட்சிச் சாலையில் 1716-ஆம் வருஷத்து 'மெஸையா' என்ற பிடில் இருக்கிறது. அதிகம் வாசிக்கப்படாததால் அதன் வார்னிஷ் நேற்றுப் பூசியது போலிருக்கிறது. மற்றைப் பழம் பிடில்கள் பலவற்றில் மூல வார்னிஷ் பெரும்பகுதி தேய்ந்துபோய், பிற்காலத்தார் ஏற்றிய அரக்கு மெருகே கண்ணுக்குத் தெரிகிறது. அவற்றைப் பார்த்து, 'ஆகா, க்ரெமோனா வார்னிஷ்!' என்று உருகியவர்கள் எத்தனை பேரோ!

ஒரே பிடிலைப் பூச்சோடும் பூச்சில்லாமலும் ஒரே சமயத்தில் கேட்க முடியாது என்பதே இந்த ஆராய்ச்சியின் தீராத இடர். பூசி உலர்வதற்குள் மாதங்கள் போகும்; தந்தி பழசாகும்; பருவம் மாறும்; வாசிக்கிறவரின் கையும் ஒரே நிலையில் இராது. கையின் வேறுபாட்டை நீக்க வழி கண்டவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். 1918-ல் பிடிலின் நடுக்கத்தைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து பெரிய நூல் வெளியிட்ட அவர், 1920-ல் பிடிலை வாசிக்க ஒரு யந்திரத்தையே அமைத்துச் சோதனை செய்தார். வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் அதில் வேண்டிய அளவுக்குத் திட்டமாக நிறுத்தலாம். அவர் ஒளிச் சிதறலுக்காக நோபெல் பரிசு பெற்றது 1930-ல்; பிடிலில் அவருடைய மனம் அதற்கு வெகு முன்னமே லயித்திருந்தது.

எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது இது. நல்ல மெல்லிய பூச்சு ஒன்றுக்கும் மற்றொரு நல்ல மெல்லிய பூச்சுக்கும் உள்ள வேற்றுமையைக் காதால் கண்டுபிடிப்பது அரிது. நல்ல பூச்சுக்கும் கெட்ட பூச்சுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டுபிடிக்க வித்வானே வேண்டாம். நம் நண்பரே போதும்.

அவர் பிடிலைத் தூக்கிக்கொண்டு நாமும் அவருமாகச் சென்னைக்குப் போனோம். பழுது பார்க்கும் முதியவர் ஒருவர், பூதக் கண்ணாடியை வைத்து எஃப் வடிவத் துளையின் வழியே உள்ளே பார்த்தார். ஸ்திராதிவாரி என்ற பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. நண்பரின் முகம் மலர்ந்தது. "ஜெர்மனியில் லக்ஷக்கணக்கில் அடித்து ஒட்டிய சீட்டு, ஐயா. ஆனால் தாழ்வான பிடில் இல்லை" என்றார் அவர். பிறகு ஒரு கருவியால் மேற்பலகையின் கனத்தை இடம் இடமாக அளந்தார். பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர், உப்புத்தாள் அதிகம் விளையாடிய இடத்தில் 2.5. வித்தியாசம் மிகச் சிறிதுதானே என்றார் நண்பர். பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதை நாம் வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். கனத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு போனால் விறைப்பில் இருபத்தேழு பங்கு போயிற்று. அதைச் சொல்ல நமக்கு அப்போது நா எழவில்லை.

"இந்தப் பாலிஷை எடுத்துவிட முடியாதா?" என்று நண்பர் கேட்டார்.

"சுரண்டித்தான் எடுக்க வேண்டும், ஐயா. சுரண்டினால் மரமும் வரும். இருக்கிற மரத்தையாவது விட்டுவைப்போம்" என்றார் முதியவர். உள்ளே நிற்கும் சிறு குச்சியை நகர்த்தி வைத்தார். இலேசான புதுக் குதிரை ஒன்று செதுக்கிப் போட்டார். வில்லை இழுத்ததும் ஜலதோஷம் பாதி நீங்கியது போலிருந்தது. கூலி வாங்கிக்கொண்டு, பிடிலைச் சுற்றியிருந்த பழைய பட்டுத் துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிரித்துக் காட்டினார். நடுவில் பெரிய செம்பொன் கறை ஒன்று. எத்தனையோ கோடைகளின் வெப்பத்தில் இளகிய பழைய வார்னிஷ் துணியில் ஒட்டிக்கொண்டு வந்த அடையாளம். கறையின் விளிம்பு பிடிலின் தோள் வளைவைப் போலவே வளைந்திருந்தது.

விஜயதசமியன்று குழந்தை மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை தொடங்கினாள். பழைய குரலை அவள் கேட்டறியாள். அவளுக்கு இதுதான் தாத்தாவின் பிடில். பாடம் முடிந்ததும் வித்வான் சொல்லிக் கொடுத்தபடி ரோஸின் தூளை மெல்லிய துணியால் துடைத்து, பட்டைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அந்தப் பட்டைத் துவைக்கக் கூடாதென்று வீட்டில் உத்தரவு.